பிளஸ் இருபத்தேழு

நிலாவின் தென்முனைக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கே காற்றுக்கு வரிசை நின்றுவிடும். டயருக்கு இல்லை, மூச்சுக்கு. லாரி ஓட்டுகிறவர்களுக்குப் பயண நேரத்தோடு ஒரு மணி நேரம் கூடச் சேர்த்து, ஓட்டுநர் அறைக்குள் காற்றை அடைத்து அனுப்புவார்கள். அப்படிப் பன்னிரண்டு மணி நேரக் காற்றோடு பனிக்கட்டி ஏற்றப் போன இசக்கியப்பன், போன வாரம் வாசலுக்கு வந்து நின்றபோது ஸ்டீயரிங்கில் முகம் கவிழ்ந்து கிடந்தார். எட்டு நிமிடக் காற்றுதான் மிச்சம். தெளிந்து எழுந்தவர், "வயசாவுதுல்லா" என்றார்.

பழுதுபார்க்கும் பிலோமினாவிடம் அந்தப் பேச்சு செல்லாது. ஆள் பொய் சொல்லலாம், இன்ஜின் சொல்லாது என்பது அவள் கட்சி. நாளைக் காலை அந்த மனிதர் மறுபடி கிளம்ப வேண்டும். வண்டி நல்ல வண்டி என்று கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். போட்டு அனுப்பி, வழியில் மூச்சு நின்றுபோனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஊரில் மற்றதெல்லாம் மின்கலத்தில் தானே ஓடும் ஆளில்லா லாரிகள். இது ஒன்றுதான் மீத்தேனையும் ஆக்சிஜனையும் சிலிண்டரில் சுமந்து, எரித்து ஓடுகிற கிழம். இந்த மாதிரி இன்ஜின் தன் புகையைத் தானே மோந்து பார்க்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் எரிபொருளைக் கூட்டும், இல்லையென்றால் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு எரிதிருத்தம் என்று பெயர். ஐந்து வரை போனால், வயதான வண்டி, போகட்டும் என்று விட்டுவிடலாம். இது பிளஸ் இருபத்தேழு காட்டியது.

அப்படியென்றால் எங்கிருந்தோ கூடுதல் காற்று இன்ஜினுக்குள் போகிறது. வெளியே பொட்டுக் காற்றுகூட இல்லாத ஊரில் அது எங்கிருந்து வரும்? இசக்கியப்பன் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்துதான் வர வேண்டும்.

மோப்ப உணரியை மாற்றினாள். குழாய்களுக்குள் புகைவிட்டு ஓட்டை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. பட்டறையில் ஓடவிட்டால் எரிதிருத்தம் சமர்த்தாகச் சுழியத்தில் நின்றது.

"பழுதறி, போன பயணத்துல எரிதிருத்தம் எங்கெங்கே ஏறியிருக்குன்னு பாரு" என்றாள்.

பழுதறி என்பது அவளுடைய எந்திர உதவியாள். நொடியில் படம் விரித்தது. "முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. எல்லாமே முன்னால் வேறொரு லாரி இருந்தபோது. அதிலும் பெரும்பகுதி சிக்னல்களில், பச்சை விழுவதற்கு ஒரு நொடி முன்பு."

படத்தைப் பார்த்த பிலோமினா குனிந்து ஸ்டீயரிங்கின் அடிப்பலகையைக் கழற்றினாள். விரல் பருமனில் ஒரு குழாய். அறைக்காற்று அதன் வழியே கூரைக்கு ஏறி, அங்கிருந்த பித்தளை ஊதுகுழல் ஒன்றை ஊதிவிட்டு, இன்ஜினுக்குள் இறங்கியது.

"அண்ணாச்சி, இது என்னது?"

"ஏர் ஹாரன்லா" என்றார் இசக்கியப்பன், பெருமை தாங்காமல். "நானே மாட்டுனது. ஊதுன காத்து வீணாப் போகக்கூடாதுன்னு இன்ஜினுக்குத் திருப்பிவிட்டேன், பாத்தியா?"

"நிலாவுல காத்தே கிடையாது அண்ணாச்சி. சத்தம் யாருக்குக் கேக்கும்?"

"கேக்காதுதான்."

"முன்னால போறதுல ஆளும் கிடையாது."

"அதுவும் சரிதான். அதுக்காக அடிக்காம எப்படித் தங்கச்சி வண்டி ஓட்டுறது?"

அவர் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டார். ஒவ்வொரு அடிக்கும் உங்கள் மூச்சில் பத்து நொடி போகிறது என்று கணக்குச் சொன்னாள். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"கூட ஒரு காத்து சிலிண்டர் மாட்டிரு. சீட்டுக்குப் பின்னால கிடக்குற உயிர்காப்பு உடையை எடுத்துட்டா இடம் கிடைக்கும்."

பிலோமினாவுக்கு வந்ததே கோபம். கத்தரியை எடுத்துக் குழாயை நறுக்கினாள், இரண்டு முனையையும் அடைத்தாள், கூரையேறி ஊதுகுழலையும் பிடுங்கினாள். ஹாரன் பொத்தானை மட்டும் ஸ்டீயரிங்கில் ஓட்டை விழ வேண்டாமே என்று விட்டுவைத்தாள். படித்து என்ன, நிலாவுக்கே வந்து என்ன, புத்தி மட்டும் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறது என்று வாய்விட்டே திட்டினாள்.

சோதனை ஓட்டத்துக்கு அவளே ஓட்டினாள். இசக்கியப்பன் துக்க வீட்டுக்காரர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் சிக்னல் வரை எரிதிருத்தம் அசையவே இல்லை. அவளுக்கு நிம்மதி, கையெழுத்துப் போடலாம்.

சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னால் நின்ற ஆளில்லா லாரி, விதிப்படி ஒரு நொடி தாமதித்தது. அந்த ஒரு நொடிக்குள் பிலோமினாவுக்குப் பல்லைக் கடிக்கிற எரிச்சல் வந்தது.

பின்னாலிருந்து பழுதறியின் குரல் கேட்டது. "எரிதிருத்தம் சுழியம். வண்டி நலம். பொத்தான் மூன்று முறை அழுத்தப்பட்டுள்ளது. எதற்கென்று குறிக்கட்டும்?"

பிலோமினா குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

இசக்கியப்பன் அவள் பக்கம் சாய்ந்தார்.

"லேசாத் தட்டுனா அவனுக்குக் கேக்காது தங்கச்சி. நல்லா அமுக்கிப் பிடி."