மூன்று விரல் பெட்டி

டுமீல்!

பின்பக்கத் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நோரீன் ஸ்ட்ரவுட் நிமிர்ந்தாள்.

ஓக்லஹோமாவில் துப்பாக்கிச் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டால் பிழைப்பு ஓடாது. ஆனால் இந்தச் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது...

ஹோஸைப் போட்டுவிட்டு ஓடினாள்.

படுக்கையறையில் அவள் புருஷன் வெண்டல் மல்லாந்து கிடந்தான். முதுகுவலி, சர்ச்சுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தவன். அவனை விட்டுவிட்டு மற்ற இரண்டு பேரும் போகவில்லை. இனிமேல் அவனுக்கு முதுகு வலிக்காது. நெஞ்சில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. தரையில் அவனுடைய கைத்துப்பாக்கி. தலைமாட்டு மேஜையில் இரும்புப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

நோரீன் திரும்பினாள்.

அறை வாசலில் மகள் டெஸ்ஸா. இருபது வயது. கை முழுக்கக் கார் ஆயில். முகத்தில் ரத்தமே இல்லை.

'நீயா?' என்று இரண்டு பேரில் ஒருத்தி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் அந்தப் பெட்டி.

விரல் வைத்தால் திறக்கும் பெட்டி. திருடன் வந்தால் சாவி தேட நேரம் இருக்காது என்று போன வருஷம் வெண்டல் வாங்கி வந்தது. உள்ளே துப்பாக்கி எப்போதும் குண்டு போட்டுத் தயாராக இருக்கும். கூட வந்த செய்முறைக் காகிதத்தைப் படிக்காமலே கசக்கி எறிந்தான். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்குப் பாடப்புத்தகம் எதற்கு என்றான். உள்ளே இருந்த பொத்தானை அழுத்தி, தன் விரல், பெண்டாட்டி விரல், மகள் விரல் என்று மூன்றைப் பதிவு செய்தான். மூன்று பேரும் வைத்துப் பார்த்தார்கள். திறந்தது.

உலகத்திலேயே மூன்று விரலுக்குத்தான் இது திறக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. அடுத்தவன் துப்பாக்கிப் பெட்டியில் கை வைப்பது அந்த ஊரில் அடுத்தவன் தட்டில் கை வைக்கிற மாதிரி.

மூன்று பேரில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். இன்னொருத்தி தோட்டத்தில் இருந்தாள். மிச்சம்...

வியாழக்கிழமைதான் வெண்டல் பெல்ட்டைக் கழற்றி டெஸ்ஸாவை விளாசியிருந்தான். மறுநாள், தான் வேலை பார்க்கும் தீவனக் கடையில் நாலு பேர் முன்னால், அந்த ஆளை ஒருநாள் சுடத்தான் போகிறேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

நோரீனுக்கு உலகம் சுருங்கி ஒரே எண்ணத்தில் வந்து நின்றது. என் பெண் ஜெயிலுக்குப் போகக் கூடாது.

"கராஜுக்குப் போ," என்றாள். "கையைக் கழுவு. நீ எதையும் பாக்கலை."

"அம்மா... நீ..."

"பேசாதே. போ."

அவள் போனதும் நோரீன் வேலையைத் தொடங்கினாள். ஹாலில் சேற்றுச் செருப்புத் தடங்கள் இருந்தன. பிளீச் ஊற்றித் துடைத்தாள். பெட்டியைத் துடைத்தாள். துப்பாக்கியைப் பாவாடையால் அழுந்தத் துடைத்து, தன் கையால் இறுகப் பிடித்தாள். கையில் வெடிமருந்துப் புகை படிந்திருந்தால்தான் போலீஸ் நம்பும் என்று டிவி பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள். சத்தம் கராஜ் வரை போகாமல் தலையணையில் அமுக்கி இன்னொரு முறை சுட்டாள்.

அப்புறம் போன் எடுத்தாள்.

"என் புருஷனை நான் சுட்டுட்டேன்," என்றாள். "அவசரம் ஒண்ணும் இல்லை, மெதுவா வாங்க."

மறுநாள் காலை.

ஷெரீஃப் அலுவலகத்தில் விசாரணை அதிகாரி டெல்மர் ஹாட்ஜ் ஒரு கையில் சாசேஜும் மறு கையில் காப்பியுமாக எதிரே உட்கார்ந்தான். நோரீன் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி வளர்ந்தவன். அவளைக் குற்றவாளி நாற்காலியில் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"ஒரு சிக்கல், மிஸ் நோரீன். பக்கத்து ரூம்ல டெஸ்ஸாவும் நான்தான் சுட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டா. கேமரா முன்னாடி."

நோரீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"பொய் சொல்றா. எத்தனை தடவை சுட்டேன்னு கேளு."

"கேட்டேன். ஒரு தடவைங்கறா."

"பாத்தியா? நான் ரெண்டு தடவை சுட்டேன். அவளை வீட்டுக்கு அனுப்பு."

ஹாட்ஜ் பெருமூச்சு விட்டான். கைரேகை நிபுணர்கள் பார்த்து முடித்த பெட்டியை மேஜையில் வைத்து, திறந்து காட்டச் சொன்னான். அவள் விரலை வைத்தாள்.

க்ளிக்.

மூடினான். ஓரமாக நகர்த்தப் போனபோது அவனுடைய விரல் முட்டி பட்டது.

க்ளிக்!

பெட்டி திறந்துகொண்டது.

ஹாட்ஜ் பெட்டியைப் பார்த்தான். மறுபடி மூடினான். வெளியே இருந்த பெண் காவலர் ஃபெர்னைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னான். க்ளிக். அப்புறம், கடித்து மீதி வைத்திருந்த சாசேஜை எடுத்து அழுத்தினான்.

க்ளிக்!

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"என் மச்சான்கிட்ட இதே பெட்டி இருக்கு," என்றான் ஹாட்ஜ் மெதுவாக. "பொத்தானை ரெண்டு பீப் வர்ற வரைக்கும் அழுத்தணும். இல்லைன்னா ஒரு விரலும் பதிவாகாது. பதிவாகாத வரைக்கும் யார் தொட்டாலும் திறக்கும். வெண்டல் ஒரு பீப்ல கையை எடுத்திருக்காரு."

தன் விரலுக்குத் திறக்கிறதா என்று அந்த வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்தவன் விரலுக்குத் திறக்காமல் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்போ... டெஸ்ஸா?"

"டெஸ்ஸா நேத்து முதல்ல சொன்னதுதான் நிஜம். கராஜ்ல உங்க காருக்கு அடியில படுத்து ஆயில் மாத்திக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டு ஓடி வந்தா. பிணத்துக்குப் பக்கத்துல உங்களைப் பாத்தா. நீங்கதான்னு நினைச்சா. நீங்க அவதான்னு நினைச்சீங்க."

நோரீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். என் பெண் கொலைகாரி இல்லை... அந்தச் சந்தோஷத்தில் தோள்கள் குலுங்க அழுதாள். பாவம், கொஞ்ச நேரத்துச் சந்தோஷம்.

ஹாட்ஜ் மீதியையும் சொன்னான். நேற்றுக் காலை, ஊரே சர்ச்சில் இருந்த நேரம், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு. நோரீன் வீட்டு வாசலிலும் வண்டி இல்லை. வெண்டலின் டிரக் ஒர்க் ஷாப்பில், அவள் கார் கராஜுக்குள். ஆளில்லாத வீடு என்று நினைத்து அந்தத் திருடன் பூட்டாத முன்கதவு வழியாக நுழைந்திருக்கிறான். நகை இருக்கும் என்று பெட்டியில் கை வைத்திருக்கிறான். வெண்டல் கண் விழித்திருக்கிறான்...

திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி. திருடன் வந்தான். துப்பாக்கியும் தயாராக இருந்தது... திருடனுக்கு!

"அவனைப் பிடி, டெல்மர்."

"எதை வெச்சு? ஹால்ல தடம்..."

"துடைச்சிட்டேன். டெஸ்ஸாவோடதுன்னு நினைச்சேன்."

"துப்பாக்கியில கைரேகை?"

"துடைச்சிட்டேன்."

"பெட்டியில?"

நோரீன் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் இன்னும் பிளீச் வாடை அடித்தது.

ஹாட்ஜ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான். வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னான். டெஸ்ஸாவும் வாங்கிக்கொள்ளட்டும், அரசு வக்கீலிடம் நானே பேசிப் பார்க்கிறேன் என்றான்.

"அவர் நம்புவாரா?"

ஹாட்ஜ் காப்பியைக் குடித்தான். அது ஆறிப்போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

"உண்மையைச் சொல்லு, டெல்மர். நான் வாபஸ் வாங்கினா அவர் யாரைப் பிடிப்பாரு? பேர் தெரியாத திருடனையா?"

"அவருக்கு நவம்பர்ல எலெக்ஷன், ஜனங்க ஓட்டுப் போட்டாத்தான் பதவி," என்றான். "பேர் இருக்கற ஆள்தான் அவருக்கு வேணும்."

"பெல்ட் அடி வாங்கினவ யாரு? சுடுவேன்னு கடையில சொன்னவ யாரு? நான்தான்னு கேமரால பேசினவ யாரு?"

"டெஸ்ஸாதான்," என்றான்.

நேற்றுப் பொய் சொன்னபோது, தப்பு செய்த மகளைக் காப்பாற்றுகிறோம் என்ற தெம்பாவது இருந்தது. மகள் நிரபராதி. தானும் நிரபராதி. அது இப்போது இந்த மேஜையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இரண்டு நிரபராதிகளில் ஒருத்தி உள்ளே போயாக வேண்டும். டெஸ்ஸாவுக்கு இருபது வயது.

"பேனா கொடு."

"மிஸ் நோரீன், நீங்க சுடலைன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். பேனா கொடு."

கொடுத்தான். வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். டெஸ்ஸாவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அனுப்பிவிடுவார்கள் என்றான். காகிதங்களை வாங்கிக்கொண்டு ஹாட்ஜ் எழுந்தான்.

"அப்போ வெளியில திரியற கொலைகாரன்? அவனை என்ன பண்றது?"

நோரீன் கைவிலங்குக்காகக் கையை நீட்டினாள்.

"கண்டுபிடிக்கறது உன் வேலை, டெல்மர். ஒத்துக்கறது என் வேலை. நான் என் வேலையை முடிச்சிட்டேன்!"