கம்பியில் ரெண்டு தட்டு

அக்கா வீட்டுக்காரரைச் சேறு முழுங்கின இடத்துலதான் அன்னிக்கும் அளவு பார்க்கப் போனேன். போகாம? வேலை வேலைதானே.

துறைமுகம் கட்டுற இடம் அது. கீழே முழுக்கக் கடல் சேறு. கால் வெச்சா இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும். அதுமேல மலையா மணலைக் கொட்டி, பாரத்துல தண்ணியைப் பிழிஞ்சு, தரை இறுகினதுக்கப்புறம்தான் கான்கிரீட். மணலுக்கு அடியில ஒரு தகடு, அதுலேர்ந்து மேல நீட்டின கம்பி. கம்பி இறங்கினா தரை இறங்குதுன்னு அர்த்தம். மச்சான் கம்பிமேல அளவுகோலைப் பிடிப்பாரு. நான் தூரத்துலேர்ந்து கருவியில பார்ப்பேன். பிடிக்கிறதுக்கு முன்னாடி கம்பியை ரெண்டு தட்டு தட்டுவாரு. அளவு எடுத்தாச்சுன்னு நான் கையைத் தூக்கினாத்தான் இடத்தை விட்டு நகருவாரு.

மணல் சரிஞ்சப்ப கோலோட உள்ள போயிட்டாரு. தோண்டத் தோண்டச் சேறு மூடிக்கிச்சு. கடைசியில அதுமேலயே மணலைக் கொட்டிட்டாங்க. எனக்கு அழுகை வரலை. மரத்துப் போச்சு.

அக்கா சொன்னது ஒண்ணுதான். "உடம்பைக் கொண்டு வந்து காட்டுடா. அதுவரைக்கும் அவரு வேலைக்குப் போயிருக்காரு."

நான் அளவு பார்க்கப் போன அன்னிக்கு மறுநாள் அங்க கான்கிரீட் போடுறதா இருந்துச்சு. அப்புறம் எங்கேர்ந்து காட்டுறது? இன்னொரு தடவை தோண்டலாம்னு இன்ஜினியர்கிட்ட கெஞ்சினேன்.

"தோண்டினா நாமளும் உள்ள போயிடுவோம்பா. அவரு போன இடத்துக் கம்பிகூட இப்ப இறங்காம நிக்குது பாரு, தரை இறுகிடுச்சு. விட்டுடு."

கோல் பிடிக்கப் புதுசா வந்த ஆளு டீ குடிக்கப் போயிருந்தான். நல்ல வெயில். திடீர்னு சேத்து வாடை மூக்கைத் துளைச்சுது.

டக். டக்.

கருவியில கண்ணை வெச்சேன். கம்பிமேல அளவுகோல் நின்னுச்சு, சேறு சொட்டச் சொட்ட. லேசா முன்னும் பின்னும் ஆடுச்சு. மச்சான் அப்படித்தான் ஆட்டுவாரு. அளவு சரியா கிடைக்கணும்ல.

பிடிச்சிருந்த ஆளைத்தான் காணோம்.

ஓடியிருக்கணும். ஓடலை. பாவம், நான் கையைத் தூக்கலைன்னு இத்தனை நாளா நிக்கிறாரேன்னுதான் தோணுச்சு.

கையைத் தூக்கினேன். "போதும் மச்சான். வீட்டுக்குப் போங்க."

கோல் சாய்ஞ்சுது. கம்பி சரசரன்னு மணலுக்குள்ள இறங்கிடுச்சு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவதான் கதவைத் திறந்தா. தலை வாரியிருந்தா. சிரிச்சா.

"சத்தம் போடாதே," கிசுகிசுத்தா. "உன் மச்சான் குளிக்கிறாரு. எவ்வளவு ஊத்தினாலும் சேறு போகலையாம்."

குளியலறைக் கதவுக்கு அடியில கறுப்பா சேறு வழிஞ்சுது.

டக். டக்.

அக்கா என் கையையே பார்த்தா. "தூக்குடா. நீ தூக்கினாத்தான் வெளியே வருவாராம்."

இன்னிக்கும் அந்தக் கதவுல தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. என் கைதான் எழும்ப மாட்டேங்குது.