கல்யாணக் கவுனில் மங்குஸ்தான் கறை

மாலை ஐந்தேகாலுக்கு பெர்னடெட் போட்ட கூச்சல் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வீடு வரை கேட்டது. விடிந்தால் அவளுக்குக் கல்யாணம். கட்டில்மேல் மடித்து வைத்திருந்த வெள்ளை சாட்டின் கவுனின் இடது கையில், மணிக்கட்டுப் பக்கம், ஊதாவும் பழுப்புமாக ஒரு கறை.

அது என்ன கறை என்று கண்டுபிடிக்க போலீஸ் தேவையில்லை. ஜூலை மாதம் கோலாலம்பூரில் மங்குஸ்தான் கொட்டிக் கிடக்கும். அதன் தோல் சாறு துணியில் பட்டால் துணி கிழிகிறவரை போகாது.

அன்று மத்தியானமெல்லாம் விருந்தாளிகளுக்கு மங்குஸ்தான் உரித்துக் கொடுத்தவள் வேலைக்காரி மாரியாயி. மாப்பிள்ளையின் தாய் சூசையம்மாள் அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கே இழுத்து வந்தாள்.

"இந்த விரலப் பாருங்க! வேற சாட்சி வேணுமா? ஏழு மணி ரயில்ல இவளக் கிள்ளானுக்கு ஏத்துங்க. இல்லேன்னா என் மகன் நாளைக்குக் கோயிலுக்கு வரமாட்டான்."

"சத்தியமா நான் அந்த ரூம்புக்கே போகலம்மா," என்று அழுதாள் மாரியாயி. ரப்பர் விலை விழுந்த வருஷம் கிள்ளான் தோட்டத்தில் ஆட்களைக் கழித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டார்கள். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் படுக்க இடமில்லை.

அந்த நேரம் பார்த்துப் பரிசுப் பொட்டலத்தோடு படியேறினார் துப்பறியும் சார்ஜன்ட் ரபேல். நல்ல சகுனம்தான்.

அவர் கண் முதலில் தேடியது கறையை அல்ல, பெர்னடெட்டின் அக்கா பிலோமினாவை. ஒன்பது வருஷத்துக்கு முன் ரபேல் அவளைப் பெண் கேட்டார். தாயில்லாத தங்கையை வளர்த்துக்கொண்டிருந்த பிலோமினா, "இவளுக்கு ஒரு வழி பண்ணாம நான் எப்படி?" என்றாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்து அவள் முந்தானையைப் பார்ப்பதோடு சரி. அவள் மறந்தே போயிருப்பாள் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். நம்பினாலும் ஏக்கம் விட்டுத் தொலைக்கவில்லை.

அவர் கவுனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கையைப் புரட்டிப் பார்த்தார். அக்குளில் இரண்டு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"மூணு மணிக்கு நான் போட்டுப் பாத்தேன் அங்கிள்," என்றாள் பெர்னடெட். "அளவு சரியா இருந்துச்சு. தையல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"நாங்க எல்லாரும் கோயில் ஜோடிக்கப் போயிட்டோம். வீட்டுல மாரியாயியும் அக்காவுந்தான். முன் ரூம்புல அக்கா பிள்ளைகளுக்கு இங்லீஷ் சொல்லிக் குடுத்துட்டிருந்தாங்க."

ரபேல் முன்னறைக்குப் போனார். பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் அன்றைய பாடம் அழியாமல் இருந்தது: பெர்மனென்ட், இன்டெலிபிள், எவர்லாஸ்டிங்.

"எல்லாம் ஒண்ணுதானே டீச்சர்? போகாம நிக்கிறது."

"ஒண்ணில்ல." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பெர்மனென்ட்னா நிலையா இருக்கறது, உங்க உத்தியோகம் மாதிரி. இன்டெலிபிள்னா எடுக்க முடியாத கறை."

"மூணாவது?"

"என்னைக்கும் முடியாதது. அது செபப் புத்தகத்துல வரும். மனுஷங்களுக்கு அவ்வளவா ஒத்துவராது."

மேசையில் ஒரு கந்தல் துணி கிடந்தது. அதன் நடுவில் ஊதாவும் பழுப்புமாக ஒரு தீற்றல். பக்கத்தில் கசக்கிப் போட்ட மங்குஸ்தான் தோல்.

"பிள்ளைகளுக்குப் புரியணும்னு தோலைக் கசக்கித் தேச்சுக் காட்டினீங்களா?"

பிலோமினா ஆமென்று தலையை ஆட்டினாள். ரபேல் குரலைத் தாழ்த்தினார். "கையைக் கழுவாமலே அந்த ரூம்புக்குப் போயிட்டீங்க, இல்லையா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "பிள்ளைங்க போனதும் ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. முப்பத்தெட்டு வயசுல என்ன அசட்டுத்தனம்! கேட் சத்தம் கேட்டதும் கழட்டி வச்சிட்டு ஓடிவந்தேன். கறை பட்டது அப்பத் தெரியல. அவ கத்தினப்பத்தான் தெரிஞ்சிச்சு. சொல்ல எழுந்தேன். அந்தம்மா வாயப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. மாரியாயி அழுறா, நான் இங்க ஒளிஞ்சிருக்கேன். எனக்கு மன்னிப்பே கிடையாது."

"யார நினைச்சுப் போட்டுப் பாத்தீங்க?"

அவள் கந்தல் துணியை மடிக்கத் தொடங்கினாள். காது மடல் சிவந்ததை ரபேல் பார்த்தார்.

ஆறரைக்கு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

"கறையை எல்லாரும் பாத்தீங்க. எந்தப் பக்கம் இருக்குன்னு யாரும் பாக்கல." கவுனின் கையை உள்பக்கம் வெளியாகத் திருப்பினார். உள்ளே கறை அழுத்தமாக இருந்தது. வெளியே தெரிந்தது ஊறி வந்த மிச்சம்தான். "வெளிய தொட்டவ கறை வெளிய இருக்கும். இது கையை உள்ள விட்டவங்க கறை. போட்டுப் பாத்திருக்காங்க. அப்பத்தான் அக்குள் தையலும் விட்டிருக்கு. மாரியாயி மாதிரி ரெண்டு பேர் இதுக்குள்ள போகலாம். பெர்னடெட்டுக்கு அளவெடுத்துத் தைச்சது. உங்களுக்கோ முழங்கைக்கு மேல ஏறாதும்மா."

சூசையம்மாள் முறைத்தாள். "அப்ப யாருதான்?"

"பிலோமினா டீச்சர்."

பிலோமினா எழுந்து நேரே மாரியாயியிடம் போனாள். கறை படிந்த அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடு மாரியாயி," என்றாள். மாரியாயி பதறிப்போய் இன்னும் அதிகமாக அழுதாள்.

"அக்கா, இதுக்குப் போயா! அரைக்கையா வெட்டிட்டா ஆச்சு," என்று கத்தரிக்கோலைத் தேடினாள் பெர்னடெட்.

சூசையம்மாள் விடுவாளா? "கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு இந்த வயசுல மணப்பொண்ணு உடுப்பு என்னத்துக்காம்?" என்று இளித்தாள். ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள்.

பிலோமினாவின் தலை குனிந்தது. ரபேல் பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அதுவரை பொய் சாட்சி சொன்னதில்லை.

"நான்தான் போட்டுப் பாக்கச் சொன்னேன்," என்றார். "எங்களுக்கும் பேசி முடிச்சாச்சு."

சூசையம்மாளின் வாய் மூடியது. உடனே திறந்தது. "அப்படியா? நாள் எப்போ?"

ரபேலுக்குப் பிலோமினா பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒன்பது வருஷமும் இந்தக் கூடத்திலேயே முடிந்துவிடும்.

"அடுத்த மாசம்," என்றாள் பிலோமினா.