காவ்யாவின் அறை விளக்கு

அறைக்குள் காலை வைத்ததுமே எலெக்ட்ரீஷியன் ஆத்மநாதனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மச்சில் பதித்திருந்த சின்ன எல்.இ.டி. விளக்கு, கெட்டுப்போன மற்ற விளக்குகளைப் போல வெடவெடவென்று துடிக்கவில்லை. மெல்ல மங்கியது. மெல்லத் தெளிந்தது. மறுபடி மங்கியது. எந்த அவசரமும் இல்லை அதற்கு.

"காவ்யா அப்பா துபாயிலேருந்து அனுப்புன லைட்டுண்ணே. இவளுக்கு இருட்டுன்னா பயம். முன்ன லைட்டப் பாக்க வந்தவரு, கண்ணு பட்டிருக்கு, எலுமிச்சம்பழம் கட்டுங்கன்னுட்டுப் போயிட்டாரு" என்றாள் செல்வராணி.

"எலுமிச்சம்பழம் வந்து லைட்டோட டிரைவர் பெட்டிய மாத்துமா தங்கச்சி?"

அவள் சிரித்துவிட்டாள். கட்டிலில் மகள் காவ்யா காய்ச்சல் அசதியில் உறங்கிக்கொண்டிருந்தாள். வெளியே அன்னவாசல் ஊர் முழுக்க மழைக்கு முந்திய இருட்டு கவிந்திருந்தது.

"விளக்கு வைக்கிற நேரம். புள்ள தூங்கக் கூடாதுண்ணே, எழுப்பிடுறேன்."

"காய்ச்சக்காரப் புள்ள. தூங்கட்டும் விடுங்க. சாமி கோவிச்சுக்காது."

அவள் தயங்கினாள். பிறகு எரிகிற விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆத்மநாதன் ஸ்டூலில் ஏறி விளக்கைக் கழற்றித் தொங்கவிட்டார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் பழுதில்லை. மின்சாரத்தை அளந்து விளக்குக்குக் கொடுக்கும் டிரைவர் பெட்டியை, பிள்ளை இருட்டில் விழித்துப் பயப்படாதபடி விளக்கை அணைக்காமலே மாற்றிப் புதிதாக ஒன்றை வைத்து, ஒயரில் மீட்டரைப் பிடித்தார். ஜன்னல் வழியே வந்த மண்வாசனையும் கட்டிலருகே ஆறிக் கிடந்த கஷாயத்தின் நெடியும் கலந்து மூக்கில் ஏற, எங்கோ தகரம் ஒன்று காற்றில் அடித்துக்கொள்ள, மீட்டரில் எண் கல்லாய் நின்றது. விளக்கு மட்டும் மங்கித் தெளிந்துகொண்டே இருந்தது.

தொங்கும் வெளிச்சம் பிள்ளையின் கண்ணில் அடித்தது. பாவம் என்று இறங்கிப்போய்த் திருகைக் கொஞ்சம் குறைத்தார். பின்னால் அவள் மூச்சு மெலிந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தார். மூச்சுச் சத்தம் நின்றது.

சட்டென்று கூட்டினார். மூச்சு வந்தது.

அப்போதுதான் கவனித்தார். அவள் மூச்சை இழுக்கையில் விளக்கு மங்கியது. விடுகையில் தெளிந்தது. மறுபடி குறைத்துப் பார்க்க அவருக்கு மனம் துணியவில்லை. ஒரு பிள்ளையின் உயிரை வைத்துப் பார்க்கிற சோதனையா அது? தாயைக் கூப்பிட வாயெடுத்தார்.

இடி இடித்தது. கரண்ட் போய்விட்டது.

இருட்டு. கட்டிலில் சத்தமே இல்லை.

"முருகா!"

பையைத் துழாவினார். டிரில்லிங் மெஷினின் பேட்டரி கையில் பட்டது. ஸ்டூலில் தாவி ஏறினார். ஒயர்களை உருவிப் பேட்டரியில் வைத்து விரல்களால் அழுத்தினார். விளக்கு எரிந்தது. காவ்யா இருமினாள். மூச்சு விட்டாள். அவர் கண்ணில் நீர் முட்டியது.

கை வியர்த்திருந்தது. பேட்டரி நழுவித் தரையில் விழுந்தது.

விளக்கு அணையவில்லை.

இரண்டு கையிலும் ஒவ்வொரு வெற்று ஒயர். வேறொன்றும் இல்லை. விளக்கு தெளிந்தது. அவர் நெஞ்சிலிருந்து காற்று தானாக வெளியேறியது. மறுபடி இழுத்தார். பாதிதான் வந்தது. அடுத்தது அதிலும் பாதி.

ஒரு விரலை லேசாகத் தூக்கினார். கட்டிலில் மூச்சு தடைப்பட்டது. மறுபடி அழுத்திக்கொண்டார்.

"அண்ணே, கரண்ட்டு வந்துருச்சா? அங்கிட்டு வெளிச்சம் தெரியுதே!" அடுப்படியிலிருந்து செல்வராணியின் குரல். "எறங்கி வாங்க, டீ ஆறுது."

பதில் சொல்லக் காற்று வேண்டும்.

காவ்யாவின் கன்னம் சிவந்தது. உறக்கத்திலேயே சிரித்தாள். விளக்கு இப்போது மங்கவே இல்லை. வெள்ளையாய், இன்னும் வெள்ளையாய், நின்று எரிந்தது. அதன் கீழே ஆத்மநாதன் வாயைத் திறந்தபடி, வராத மூச்சுக்காகக் காத்து நின்றார்.

விரல்களை அவர் எடுக்கவில்லை.