கைப்பட்டை நம்பர் ஒன்று

"ஐயோ... பிணம்!"

குடிநீர்த் தேக்கத்தின் காவலாளி போட்ட அலறலில் மார்ஷ்லி ஊரே கூடிவிட்டது.

1914 செப்டம்பர். ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கி ஆறு வாரம். மணி காலை பத்தேகால்.

மதகடியில் குப்புறக் கிடந்தான் பெர்சி. மண்டை பிளந்திருந்தது. இடது கையில் புத்தம் புதிய கைப்பட்டை... 'சிறப்புக் காவலர் 1'!

ஊர்ப் போலீசில் முக்கால்வாசிப் பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் சார்ஜெண்ட் ராஃப் ஒருவர்தான். அதனால் ஊர்க்காரர்களையே திரட்டிக் காவலுக்கு நிறுத்தும் ஏற்பாடு. திரட்டுகிறவர் லாவிங்டன், ஓய்வுபெற்ற வாத்தியார். விறைப்பான மனிதர். பெர்சி அவருடைய உதவியாளன்; தேக்கத்தில் விடியற்காலைக் காவலும் அவனுக்குத்தான்.

பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் எழுந்தார். "காலைல ஆறு மணிக்கே முடிஞ்சுபோச்சு, சார்ஜெண்ட்."

"அந்த ரொட்டிக்கடை எமில்தான்!" கூட்டத்தில் ஒரு குரல். "ஜெர்மன்காரன்! தண்ணில விஷம் கலக்க வந்திருப்பான்... பெர்சி தடுத்திருப்பான்!"

"ஆமா... பிடிங்கடா அவனை!"

இருபது வருடமாக எமில் சுட்ட ரொட்டியைத் தின்று வளர்ந்த வாய்கள்தான். நன்றியாவது, மண்ணாங்கட்டியாவது!

ராஃப் முந்திக்கொண்டார். ரொட்டிக்கடையின் பின்வாசல் வழியாக எமிலை இழுத்து வந்து, ஊரில் இருந்த ஒரே லாக்கப்பில் தள்ளிப் பூட்டினார்.

"நான் காலைல அடுப்பை விட்டு நகரவே இல்ல, சார்ஜெண்ட்..."

"தெரியும். உன் உயிருக்காகத்தான் பூட்டறேன்."

"இந்தப் பூட்டு தாங்குமா?"

"அரை மணி நேரம் தாங்கும்."



ஊர் மண்டபத்தில் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. திங்கட்கிழமை ஆறே பேர் சேர்ந்த படையில் இன்றைக்கு அறுபது பேர்! ஒவ்வொருவன் கையிலும் தடி.

"பிரமாணம் எடுத்ததும் நேரா லாக்கப்புதான்!" என்றான் கசாப்புக்கடை ஹார்ட்லி.

"பேசாதே! வரிசையைக் கலைக்காதே!" லாவிங்டன் அதட்டினார். பெட்டிக்குள் கைவிட்டு, நம்பர் பார்த்துப் பார்த்துக் கைப்பட்டைகளைக் கொடுத்தார். "ரெண்டு... மூணு... நாலு..."

ராஃபின் கண் பெட்டியின் மேல் நிலைத்தது.

"ஒண்ணு எங்கே, சார்?"

"அது பெர்சியோடது. நேத்து சாயங்காலமே கொடுத்துட்டேன், பாவம்..."

"பெட்டி எப்ப வந்துச்சு?"

லாவிங்டன் பெட்டியை மூடினார். வரிசையில் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார்.

"இன்னைக்கு ஒன்பதரை ரயில்ல. சீல் உடையாம இவர்தானே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனாரு!"



ராஃப் மெல்லக் கேட்டார். "ஆறு மணிக்குச் செத்தவன், ஒன்பதரைக்கு வந்த கைப்பட்டையை எப்படி சார் மாட்டிக்கிட்டான்?"

லாவிங்டன் வெடித்தார்.

"ஆறு பேர், சார்ஜெண்ட்! இவ்வளவு பெரிய ஊர்ல ஆறே பேர்! உளவாளி வந்துட்டான்னு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டேன்... ஒருத்தனும் அசையல. எழுதறது நான்னு பெர்சி கண்டுபிடிச்சுட்டான். உங்ககிட்ட சொல்லப்போறேன்னான். அடிச்சேன்! இப்ப பாருங்க... ஒரு பிணம்... அறுபது பேர்!"

ராஃப் அவர் கையைப் பிடித்தார்.

"சரி... செத்தவன் கையில பட்டையை ஏன் மாட்டினீங்க? அது இல்லேன்னா தப்பிச்சிருப்பீங்களே!"

"என்ன பேசறீங்க?" லாவிங்டன் நிஜமாகவே கோபப்பட்டார். "என் ஆளு காவல் வேலையில கைப்பட்டை இல்லாம கிடக்கறதா? ஒழுங்குன்னு ஒண்ணு இல்ல?"

அறுபது தடிகள் மெதுவாக உயர்ந்தன. இந்தத் தடவை அவர் பக்கம்!

"எங்களையே பைத்தியக்காரங்க ஆக்கினியா, கிழவா?" ஹார்ட்லி பாய்ந்தான்.

அவரை இழுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினார் ராஃப். பின்னால் அறுபது ஜோடி பூட்ஸ்...! லாக்கப்பைத் திறந்தார்.

"எமில், வெளியே வா! இடம் வேணும்!"

லாவிங்டன் உள்ளே போக, எமில் வெளியே வந்தான். தெருவில் கூச்சல் நெருங்கியது. ராஃப் சாவியைத் திருப்பினார்.

கம்பி வழியாக லாவிங்டன் கேட்டார். "சார்ஜெண்ட்... இந்தப் பூட்டு தாங்குமா?"

எமில் மேலங்கியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னான்.

"அரை மணி நேரம் தாங்கும், சார். ஆனா வர்றவங்க எல்லாம் நீங்க பொறுக்கி எடுத்த ஆளுங்க!"