சிமெண்டு இறுகும் நேரம்

குளியலறையில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் கேட்டது. விளக்கு வைக்கும் நேரம். ஈரச் சோப்பு மணமும் வாளியில் ஊறிய துணியின் புளித்த வாடையும் கலந்து நிற்க, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடிவிட்டு அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டொக், டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்க்குப் பழகிய வாய், வீட்டிலும் சும்மா இருக்காது.

அன்று காலையில்தான் புது யுரேனியச் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்திருந்தது. நிலத்தடி நீர் கெடாது, ஊருக்கு ஆபத்தில்லை என்று ஆய்வறிக்கை எழுதி, குழுவுக்குக் குழு அலைந்து அதை வாங்கிக்கொடுத்தவள் அவள். அலுவலகமே கைதட்டியது. போர் போடும் மேஸ்திரி மட்டும் தட்டவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். போன மாதம், ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள், தாது தேடித் துளைத்து மூடாமல் விட்ட குழி ஒன்றிலிருந்து இதே தட்டல் கேட்டது. ஆடு மேய்க்க வந்தவர்கள் தங்கள் பெண் குழந்தையைக் காணோமென்று மேட்டில் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், உள்ள உசிரு இருக்கு. மீட்புக்காரங்களக் கூப்பிடலாம்."

"கூப்பிட்டா அனுமதி போச்சு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கச் சொல்றீங்களா? அது ஊத்துத் தண்ணி சத்தம். சிமெண்ட ஊத்துங்க."

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க மேடம்."

கொடுக்கவில்லை. மேஸ்திரிக்கும் வேலை வேண்டியிருந்தது, ஊற்றினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு, இவள் சிமெண்டில் மறைத்தே விட்டாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

அடுப்பில் பால் வைத்தபோது அந்தத் தட்டலுக்கு யாரோ பதில் தட்டுவது கேட்டது. டிங், டிங், டிங். அவள் ஓடினாள். மகள் எவர்சில்வர் ஸ்பூனோடு ஓட்டையருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி பண்றே?"

"பாப்பாகூட விளையாடறேம்மா. அதுக்குப் பேச வரல. வாய் நிறைய மாவு."

"யாரு சொன்னா?"

"அதுதான், தட்டித் தட்டிச் சொல்லிச்சு. நீதான் ஊட்டிவிட்டியாம்."

மகளை இழுத்து வந்து சோபாவில் உட்காரவைத்தாள். குளியலறையை வெளியே தாழிட்டாள். மேஸ்திரிக்குப் போன் போட்டாள்.

"மேஸ்திரி, அந்தக் குழிக்குள்ள..."

"ஊத்துத் தண்ணின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க." வைத்துவிட்டார்.

திரும்பினாள். சோபா காலி.

தாழ் போட்டபடியே இருந்தது. உள்ளே சத்தம். டொக். டிங்.

திறந்தாள். யாருமில்லை. ஓட்டையின் மூடி கழன்று கிடந்தது. உள்ளங்கை அகலம்தான் ஓட்டை. ஸ்பூன் சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. வெகு ஆழத்திலிருந்து.

தோள்வரை கையை விட்டாள். சிறு விரல்கள் அவள் விரலைப் பற்றின. பழகிய விரல்கள். அவற்றின்மேல் இன்னொரு பிடி. சில்லென்று. சொரசொரப்பாக.

வெதுவெதுப்பாக ஏதோ மேலேறி வந்தது. சாம்பல் நிறம். ஈரச் சிமெண்டு வாசனை.

"பத்து நிமிஷம்! பத்து நிமிஷம் குடு!"

சீக்கிரம் இறுகும் கலவை. அன்று குழியை மூட அதைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். முழங்கையைச் சுற்றி அது கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. கீழே பிஞ்சு விரல்கள் இன்னும் விடவில்லை.

டொக், டொக், டொக்.

டிங்.