தாம்பூலம் எடுத்த கை

மெல்போர்னில், கிளென் வேவர்லி ரயில் பாதை முடிகிற இடத்தில் அந்தப் பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது, ஆவி இருக்கிறதா என்று வேதவல்லி கேட்கவில்லை. ஹீட்டர் வேலை செய்கிறதா என்றுதான் கேட்டாள். எழுபத்தைந்தாம் வருடத்து ஜூன் மாதக் குளிரில் பேய்க்கு நடுங்க யாருக்குத் தெம்பு?

வீட்டுக்காரியின் முப்பாட்டன் சென்னைப் பட்டாளத்தில் துரையாக இருந்தவராம். அவர் எங்கிருந்தோ வாரிக்கொண்டு வந்த வெள்ளித் தட்டு ஒன்று கூடத்து அலமாரியில் கிடந்தது. விளிம்பில் சர்தார் ஹிம்மத்ராவின் பெயர் மராட்டியில் பொறித்திருந்தது. அந்தத் தட்டுக்காகவே வேதவல்லியின் கணவர் சேஷாத்ரி வீட்டை எடுத்தார். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லித்தரும் அவருக்கு ஹிம்மத்ராவ்தான் சோறு தண்ணீர் எல்லாம்.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தக் கதை மனப்பாடம். கூலிச் சிப்பாயாகத் தொடங்கிப் படைத்தலைவனான மராட்டியன். கிருஷ்ணை நதியைத் தாண்டி வந்து நவாபுகளை ஓட ஓட விரட்டியவன். செஞ்சிக்கு அப்பால் ஒரு மலைக்கோட்டை மட்டும் அவனுக்கு மசியவில்லை. முற்றுகை தோற்று, மறுபடி போக ஆள் கேட்டபோது ஒருவனும் முன்வரவில்லை. அந்த அவமானத்திலேயே காய்ச்சல் கண்டு செத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கூடத்துக்கு வந்தாள். வெள்ளித் தட்டு மேஜைமேல் இருந்தது.

அதில் ஒரு தாம்பூலம். பச்சை வெற்றிலை, கிராம்பு குத்திய மடிப்பு.

வெற்றிலையைக் கண்ணால் கண்டு எத்தனை நாளாயிற்று! பக்கத்துத் தெரு யாழ்ப்பாணத்து இரஞ்சிதம் அன்ரி, "ஃபிஜிக்குப் போட்டு வாறன், வெத்திலை கொண்டு வாறன்" என்று சொல்லியிருந்தார். அவர்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். எடுத்துக்கொண்டுபோய்க் கணவரிடம் ஆசையாக நீட்டினாள்.

"பேஷ்! ஏதுடி இது?" என்றார் சேஷாத்ரி, மென்றுகொண்டே.

"வெள்ளித் தட்டுல இருந்துதுன்னா."

மெல்லுவது நின்றது.

"தட்டுலேர்ந்து யார் எடுத்தா?"

"நான்தான். ஏன், மூஞ்சி இப்படி வெளுத்துப் போறது?"

அவர் குரல் இறங்கியது. "மராட்டிக்காரா படைக்குத் தலைவனை இப்படித்தான் தேடுவா, வேதா. சபை நடுவுல தட்டுல தாம்பூலம் வெப்பா. எவன் அதை எடுக்கறானோ, அவன் போயே ஆகணும். ஹிம்மத்ராவ் வெச்சதை யாருமே எடுக்கலை."

கூடத்திலிருந்து ஈரத் தோலின் வாடை வந்தது. பின்னாலேயே, நிறையப் பேர் மூச்சுவிடுகிற சத்தம்.

கூடத்தில் யாரும் இல்லை.

சேஷாத்ரி எழுந்தார். அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கூடத்தைப் பார்த்து மராட்டியில் ஏதோ சொன்னார். அவரோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் அந்த மொழி கொஞ்சம் புரியும்.

"எடுத்தது நான்."

அவளுக்காகச் சொன்ன பொய். வேதவல்லி "வேண்டாம்னா!" என்று அவர் சட்டையைப் பிடித்தாள். சட்டை கையிலிருந்து நழுவியது. வாசல் கதவு தானாகத் திறக்க, அவர் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் ஓடி வந்தபோது தெருவில் வெயில் அடித்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். சேஷாத்ரியைக் காணவில்லை.

போலீஸ் வந்து தேடிக் களைத்தது. ஆறுதல் சொல்ல வந்த இரஞ்சிதம் அன்ரி, "வெத்திலையோ? நான் ஃபிஜிக்கு இன்னும் வெளிக்கிடவே இல்லையே, பிள்ளை" என்றார்.

இனி அந்த வீட்டில் இருக்க அவளுக்கு மனம் துணியவில்லை. நகரத்துக்குள் நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனாள். முதல் நாள் சாயங்காலம் பாத்திரங்களை எடுத்து அடுக்கும்போது, கதவுக்கு வெளியே கனைப்பு கேட்டது.

கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

மாடிப்படி முகப்பை அடைத்துக்கொண்டு ஒரு குதிரை நின்றது. முதுகில் சேணம். சேணத்தில் ஆள் இல்லை.

பொய் அங்கே எடுபடவில்லை. கடிவாளத்தைப் பிடித்தபடி, குதிரைக்காரனாகத் தலைகுனிந்து நின்றவர் சேஷாத்ரி.

"ஏறு, வேதா," என்றார் மெல்ல. "எல்லாரும் உனக்காகக் காத்திண்டிருக்கா."